மாத்திரை இலவசம், மற்றதெல்லாம்? எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கூலி வேலைக்குப் போகிற, பெரும்பாலும் கணவனை இழந்த பெண்களோடு, எச்.ஐ.வி. வைரஸை அடக்கும் மருந்து தருகிற ஏ.ஆர்.டி. மைய வரிசைகளில் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் முன்னால் வாய் திறக்காதவர்கள் வெளியே பெஞ்சுக்கு வந்ததும், "ஏனுங்க அக்கா, ஒண்ணு கேட்கட்டுமா?" என்று குரலைத் தாழ்த்துவார்கள். அப்படிக் கேட்கப்பட்டவைதான் இவை. பதில்கள் தமிழ்நாட்டு நிலைமையை வைத்து எழுதியவை. உங்கள் உடம்புக்கு எந்த மருந்து, என்ன அளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நான் ஒழுக்கமாகத்தானே இருந்தேன். எனக்கு எப்படி வந்தது?

பெஞ்சில் முதலில் வருகிற கேள்வி எப்போதும் இதுதான். இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் பெண்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தொற்று வந்தது கணவரிடமிருந்து. கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத பெண்கள் அவர்கள். ஆணுறை போடச் சொன்னால், "அப்ப என்னைச் சந்தேகப்படறியா, இல்ல நீ யாரிடமாவது போறியா?" என்று கேட்கும் வீட்டில் ஒரு பெண் எப்படித் தன்னைக் காத்துக்கொள்வது?

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. கர்ப்பமானதும் எல்லாப் பெண்களுக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். அதனால் வீட்டில் முதலில் தெரியவருவது பெரும்பாலும் மனைவிக்குத்தான். முதலில் தெரிந்தவள் என்பதாலேயே, முதலில் தொற்று வந்ததும் அவளுக்குத்தான் என்று குடும்பம் முடிவு செய்துவிடுகிறது. பரிசோதனைத் தாளில் இருப்பது தொற்று இருக்கிறதா என்ற தகவல் மட்டும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது அதில் கிடையாது. இதை உங்கள் மாமியாரிடம், மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலரை வைத்தே சொல்லச் சொல்லுங்கள்.

ஒழுக்கம் என்ற அந்தச் சொல்லையும் கீழே வைத்துவிடுங்கள். பாலியல் தொழில் செய்யும் பெண்ணுக்கும் இதே மருந்து, இதே உரிமை. 1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் எடுத்து வந்தார். எதற்காக எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் சம்மதம் கேட்கும் வழக்கமே இல்லை. நாடு விழித்துக்கொண்டது அந்தப் பெண்களின் ரத்தத்தால். அவர்களுக்கு அதற்காக யாரும் நன்றி சொன்னதாக நான் கேட்டதில்லை.

அவர் சாகும்வரை நான் பார்த்துக்கொண்டேன். இப்போது என்னைப் பார்க்க யாருமில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. நான் பழகிய பெண்களில் பாதிப் பேர் கதை இதுதான். கணவனுக்கு வயிற்றுப்போக்கு, காசம், வாயெல்லாம் புண். துடைத்தது, துவைத்தது, கஞ்சி ஊட்டியது, தோட்டையும் தாலிக்கொடியையும் அடகு வைத்து மருந்து வாங்கியது எல்லாம் மனைவி. அவர் போன பிறகு, "நீ வந்த நேரம்" என்ற பேச்சு. தனக்குக் காய்ச்சல் வந்தால் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. பிறந்த வீட்டுக்குப் போனால், "தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணும், கொஞ்ச நாள் வராம இரு" என்கிறார்கள்.

பராமரிப்பு என்றாலே அது பெண் மற்றவருக்குச் செய்வது என்று நம் வீடுகள் பழகிவிட்டன. அவளே நோயாளியாகிவிட்டால் அந்த வேலை பெரும்பாலும் மூத்த மகள் தலையில் விழுகிறது, அவள் பள்ளிக்கூடத்தை விடுகிறாள். மகன்கள் படிப்பை விட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டதை நான் மிக அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்த நிலைமைக்குள்ளிருந்துதான் பெண்கள் தாங்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா தனக்குத் தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, 1998இல் வேறு சில பெண்களோடு சேர்ந்து சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார். லாரித் தொழில் நிறைந்த நாமக்கல்லில் இந்த நோயைப் பற்றி அன்று எல்லோரும் பேசியது டிரைவர்களைப் பற்றி. அவர்கள் வீட்டுப் பெண்களைப் பற்றிப் பேசியது இப்படிப்பட்ட பெண்கள்தான். இன்று மாவட்டங்களில் எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்புகள் இருக்கின்றன. உங்கள் ஏ.ஆர்.டி. மையக் கவுன்சிலரிடம் கேட்டால் தொடர்பு கிடைக்கும். ஒரு தடவை போய் உட்கார்ந்து பாருங்கள். பேசாமலே இருக்கலாம், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

மருந்துதான் இலவசமாயிற்றே, பிறகு ஏன் பெண்கள் நடுவில் நிறுத்துகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் சொல்கிறேன்.

2004 ஏப்ரல் 1 அன்று அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியது. முதலில் தொடங்கிய எட்டு ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அது பெரிய காரியம், எத்தனையோ உயிர்கள் தப்பித்தன. 2017இலிருந்து சிடி4 (உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் உடனே மருந்து தொடங்கிவிடலாம். "எண்ணிக்கை குறையட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இன்னமும் யாராவது சொன்னால், அது பழைய கதை.

ஆனால் மாத்திரை வாங்கப் போகும் நாள் இலவசமா? விசைத்தறிக்கோ களை எடுக்கவோ போகிற பெண்ணுக்கு அன்றைய கூலி போச்சு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உண்மையிலேயே உதவிதான். ஆனால் மையம் மாவட்டத் தலைநகரில் இருந்தால் மொஃபசல் பஸ், அதற்குக் காசு. கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். விடியற்காலையில் கிளம்பினால் பக்கத்து வீட்டுக்காரி "எங்க போற?" என்பாள், மாதாமாதம் ஒரு பொய் தேட வேண்டும். போனால் வரிசை. வரிசையில் ஊர்க்காரர் யாராவது நிற்பாரோ என்ற பயத்தில் முக்காடு. ரத்தம் எடுக்க ஒரு நாள், ரிசல்ட்டுக்கு ஒரு நாள். மேஸ்திரி "நாளைக்கும் லீவா? வேற ஆள் பாத்துக்கறேன்" என்பார். இரண்டு மாதம் இப்படி ஓட்டிவிட்டு மூன்றாவது மாதம் அவள் போகவில்லை என்றால், அவளை "ஒழுங்காக மருந்து எடுக்காதவள்" என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

செய்யக்கூடியவை சில உண்டு. உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு ஒரே தடவையில் இரண்டு மூன்று மாதத்துக்கு மாத்திரை தருகிறார்கள், நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே இணைப்பு ஏ.ஆர்.டி. மையம் இருக்கலாம், அங்கே மாற்றித் தரச் சொல்லுங்கள். நேர்மாறாக, உள்ளூரில் தெரிந்துவிடும் என்று பயந்தால் வேறு மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். வேலைக்காக வெளியூர் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நடுவில் விட்டுப்போய்விட்டதா? வெட்கப்படாமல் திரும்பப் போங்கள். திட்டுவார்களோ என்ற பயத்தில் ஒரு வருடம் போகாமல் இருந்து, கடைசியில் ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை சாப்பிடுகிறேன். டப்பா சத்தம் போடுகிறது. என்ன செய்வது?

டப்பாவுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்தால் குலுங்காது. லேபிளைக் கிழித்துவிட்டால் போதும், மாத்திரையை அதே டப்பாவில் வையுங்கள். உள்ளே இருக்கும் சின்ன ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள். அரிசிப் பானைக்குள் ஒளிப்பவர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் கெட்டுப்போகாது. அடுப்படிச் சூடும் குளியலறை ஈரமும் ஆகாது. இப்போது பெரும்பாலோருக்குத் தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. ராத்திரி எல்லோரும் இருக்கும் நேரத்தில் சிரமம் என்றால் காலையில் வேலைக்குப் போகும் வழியில் விழுங்கலாம். நேரம் தினமும் ஒன்றாக இருந்தால் சரி.

சாப்பாடே சரியில்லை. வெறும் வயிற்றில் எடுக்கலாமா?

எடுக்கலாம். "சாப்பிடவில்லை, அதனால் மாத்திரையும் வேண்டாம்" என்று மட்டும் விடாதீர்கள். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: ரத்தசோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் டோலுடெக்ராவிர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஒன்றாக விழுங்குவதென்றால் சாப்பாட்டோடு, வெறும் வயிற்றில் என்றால் நேரம் விட்டு. எத்தனை மணி நேரம் என்று நர்ஸிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காசநோய்க்கு மருந்து எடுத்தாலும் உடனே சொல்லுங்கள், அளவை மாற்றுவார்கள்.

என் தட்டு, டம்ளர், துணியால் பிள்ளைகளுக்கு வருமா? கணவருக்கு?

தட்டால் வராது. துணியால், கழிப்பறையால், முத்தத்தால், கொசுவால் வராது. உங்களுக்குத் தனித்தட்டு வைப்பவர்கள் நோயைத் தடுக்கவில்லை, உங்களைத் தள்ளி வைக்கிறார்கள்.

ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்று பரவாது. இது உலக அளவில் நிரூபிக்கப்பட்ட உண்மை. இத்தனை முக்கியமான செய்தியைப் பல பெண்களுக்கு யாரும் சொன்னதே இல்லை. பத்து வருடம் மருந்து எடுத்தும், தன் உடம்பே விஷம் என்று நினைத்து, சொந்தப் பேரக்குழந்தையைத் தூக்காமல் இருந்த ஒரு அம்மாவைத் தெரியும். அடுத்த தடவை போகும்போது "என் வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) எவ்வளவு?" என்று கேளுங்கள். அது உங்கள் ரத்தம், உங்கள் எண்.

குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? "கலைத்துவிடு" என்கிறார்களே?

பெற்றுக்கொள்ளலாம். வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. கலைக்கச் சொல்லியோ, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தால்தான் சிகிச்சை என்றோ உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் சம்மதம் இல்லாமல் அப்படிச் செய்வதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது.

எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. அம்மா ஒழுங்காக மருந்து எடுத்தால் அது 5க்கும் கீழே போய்விடும். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே மருந்தில் இருந்து, வைரஸ் அடங்கியிருந்தால் இன்னும் குறைவு.

பிறந்ததும் குழந்தைக்கு மருந்து தருவார்கள், வழக்கமாக ஆறு வாரம், சில குழந்தைகளுக்கு அதற்கு மேலும். ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி முதல் பரிசோதனை. அதற்குப் பிறகும் சில உண்டு. கடைசியாக 18 மாதத்தில். அம்மாவின் எதிர்ப்புப் பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் கொஞ்ச காலம் இருப்பதால் சாதாரண டெஸ்ட் அதுவரை பாசிட்டிவ் என்று காட்டிவிடலாம், அதனால்தான் இத்தனை காத்திருப்பு. அந்த ஒன்றரை வருடம் ஒரு தாய் எப்படித் தூங்குவாள் என்று எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்காது. இந்தச் சமயத்தில்தான் பக்கத்தில் ஆள் வேண்டும்.

தாய்ப்பால் பற்றி: முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், மருந்தும் தொடர்ந்து. இதுதான் நம் அரசு வழிகாட்டுதல். தாய்ப்பாலும் கொடுத்து நடுநடுவே பவுடர் பாலும் கொடுப்பதுதான் கூடாது. "ஏன் பால் கொடுக்கறே?" என்று கேட்டு ஊரே சந்தேகப்படுவதும், "ஏன் கொடுக்கலை?" என்று கேட்டுச் சந்தேகப்படுவதும் இரண்டுமே நடக்கும். சுத்தமான தண்ணீரும் விறகும் பவுடர் வாங்கக் காசும் இல்லாத வீட்டில் பவுடர் பால் குழந்தைக்கு வேறு ஆபத்தைக் கொண்டுவரும்.

பிரசவ வார்டில் தொடவே மறுத்தார்கள். இதற்கு என்ன செய்ய முடியும்?

நானே ஒரு பெண்ணுக்குத் துணையாக ஓர் ஆஸ்பத்திரியில் நின்றிருக்கிறேன். வலி எடுத்துக் கத்துகிறாள். கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கட்டில் கால்மாட்டில் தொங்கவிட்டார்கள். கூட்டுகிறவர் முதல் பார்வையாளர் வரை எல்லோரும் படித்தார்கள். பழைய துணிகளை நீயே எடுத்துப் போடு என்றார்கள், பிள்ளை பெற்ற இரண்டு மணி நேரத்தில். அதற்கப்புறம் அவள் எந்த ஆஸ்பத்திரிக்கும் இரண்டு வருடம் போகவில்லை.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. சிகிச்சை மறுப்பதும், சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதும் அதன்படி தவறு. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, உங்கள் நிலையை வெளியே சொல்லக் கூடாது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அதற்கு மேல் மாநிலத்தில் குறைதீர்ப்பாளர். அவரிடம் புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் உத்தரவு, அவசர மருத்துவ நிலை என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள்.

ஆனால் பிரசவ வலியில் இருக்கும் பெண் சட்டப் பிரிவு சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் எட்டாம் மாதத்திலேயே, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையக் கவுன்சிலரிடம் சொல்லி, எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமைப்பிலிருந்து ஒருவரைக் கூட்டிப் போங்கள். கூட ஆள் இருந்தாலே பேச்சின் தொனி மாறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நர்ஸ்களின் பயமும் நிஜம்தான், அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கையுறை தீர்ந்துபோன வார்டுகள் உண்டு. எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி முன்னெச்சரிக்கை எடுத்தால் போதும். ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம். கையுறை, தடுப்பு மருந்து இரண்டையும் தர வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. அது தராததற்கு நோயாளியைத் தண்டிக்க முடியாது.

கணவரிடம் சொன்னால் அடிப்பார். டாக்டரே சொல்லிவிடுவாரா?

துணைக்கு ஆபத்து இருக்கிறது, நோயாளி தானாகச் சொல்லமாட்டார் என்று தெரிந்தால், கவுன்சிலிங்குக்குப் பிறகு டாக்டரோ கவுன்சிலரோ நேரில் சொல்லச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதே பிரிவு, சொன்னால் வன்முறை நடக்கும், வீட்டைவிட்டு விரட்டுவார்கள் என்ற நியாயமான பயம் இருந்தால், முக்கியமாகப் பெண்கள் விஷயத்தில், சொல்லக் கூடாது என்கிறது. எனவே அடி, மிரட்டல் எதையும் மறைக்காமல் கவுன்சிலரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரிந்தால்தான் உங்களைக் காப்பாற்ற முடியும். அவசரத்துக்கு பெண்கள் உதவி எண் 181.

அவர் இறந்ததும் மாமியார் வீட்டில் வெளியே போகச் சொல்கிறார்கள்.

போகாதீர்கள், முடிந்தால். சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்க 2017 சட்டமே உங்களுக்கு உரிமை தருகிறது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்திலும் அந்த உரிமை உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெயரை மறைத்து வழக்கு நடத்தவும் கோர்ட்டில் கேட்கலாம்.

கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: கணவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழுக்கான தாள்கள், ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். முதலில் இவைதான் பீரோவிலிருந்து மாயமாகும். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய். ஒரு மாத அரிசி பருப்புக்கே போதாது. இருந்தாலும் உங்கள் பெயரில் வரும் பணம், விண்ணப்பியுங்கள்.

எச்.ஐ.வி. தவிர வேறு எதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மையத்தில் பல சமயம் இந்தப் பேச்சே வருவதில்லை. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு. 25 வயதிலிருந்தே பரிசோதிக்கத் தொடங்கி, சில வருடங்களுக்கு ஒருமுறை தொடர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம், சில நிமிடம்தான். வெள்ளைப்படுதல், உறவுக்குப் பிறகு ரத்தம், அடிவயிற்று வலி இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள். "பொம்பளைக்கு இது சகஜம்" என்று யாராவது தள்ளினால், இன்னொரு டாக்டரிடம் போங்கள்.

நான் திருநங்கை. வரிசையில் எந்தப் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை.

நீங்கள் பெண்கள் வரிசையில் நிற்கலாம். எதிர்த்துப் பேசினால் பொறுப்பு டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஹார்மோன் எடுப்பதாக இருந்தால் மறைக்க வேண்டாம், மற்ற மருந்துகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விலாசச் சான்று இல்லை என்பதற்காக மருந்தை நிறுத்தினால் கூட்டமைப்பு மூலம் அன்றே பேச வையுங்கள்.

நேற்றுதான் தெரிந்தது. முதல் தடவை மையத்துக்குப் போகிறேன். என்ன எடுத்துப் போகட்டும்?

பரிசோதனை செய்த நம்பிக்கை மையத்தில் தந்த சீட்டு, ஆதார் அல்லது ஏதாவது ஓர் அடையாள அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள். தண்ணீர் பாட்டில், இரண்டு இட்லி, முதல் நாள் நேரமாகும். இருமல் இருந்தால், எத்தனை நாளாக இருந்தாலும், உள்ளே நுழைந்ததுமே சொல்லுங்கள், காசநோய் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத வராது என்றால் போனில் பேசிப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். போவதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 1097க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போனதும் பெஞ்சில் இடம் பார்த்து உட்காருங்கள். பக்கத்தில் இருக்கும் அக்கா உங்களுக்கு முன்னால் பல வருடமாக வருபவராக இருப்பார். எந்தக் கவுன்ட்டர், எந்த டாக்டர் பொறுமையாகக் கேட்பார் என்று அவருக்குத் தெரியும்.